சானியா ஓடி ஒளியவில்லை

சானியா மிர்சாவைப் பற்றிப் பேச்செடுத்தால் நம்மிடம் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கிறது. "நல்லா ஆடின பொண்ணுதான். ஆனா உடம்பு தாங்கல. ஒற்றையர்ல நிக்க முடியாம இரட்டையருக்குப் போயிட்டாங்க." சேலத்துக்கு மேலே எங்கள் மலையில் இருக்கும் வெள்ளக்கடையின் பேருந்து நிறுத்தத்தில் டீ குடித்துக்கொண்டு பேசுகிறவர்கள் இதைத்தான் சொல்கிறார்கள். சேலத்தில் பிள்ளையை டென்னிஸ் பயிற்சிக்குக் கூட்டிப்போகும் அப்பாக்களும் இதைத்தான் சொல்கிறார்கள். 2023 பிப்ரவரியில் துபாயில் அவர் கடைசி ஆட்டத்தை முடித்தபோது வந்த வழியனுப்புக் கட்டுரைகள் பலவும் கொஞ்சம் மரியாதை கூட்டி இதையே எழுதின. இந்தத் தீர்ப்பு தவறு. அதைவிடப் பெரிய குற்றச்சாட்டும் எனக்கு இதன்மேல் உண்டு: நம் வீட்டுப் பெண் பிள்ளைகள் மைதானத்தை விட்டு வெளியேற இது ஒரு காரணமாக இருக்கிறது. முதலில் தவறைப் பார்ப்போம்.

2007-ஐ எடுத்துக்கொள்ளலாம். அவருடைய ஒற்றையர் ஆட்டத்தின் உச்சம் அந்த ஆண்டுதான். ஆண்டின் தொடக்கத்திலேயே முழங்கால் காயம் அவரைப் போட்டிகளிலிருந்து விலக வைத்தது. திரும்பி வந்தவர் மொராக்கோவின் ஃபெஸ் நகரில் இரட்டையர் பட்டம் வென்றார். பிறகு அமெரிக்கக் கடினத்தரைப் போட்டிகள் வந்தன. சின்சினாட்டியில் இரட்டையர் பட்டம். ஸ்டான்ஃபோர்டில் ஷஹர் பியருடன் சேர்ந்து இன்னொன்று. அதே வாரம் ஒற்றையரிலும் இறுதிச்சுற்று வரை போய் ரஷ்யாவின் அன்னா சக்வெடாட்ஸேயிடம் தோற்றார். நியூ ஹேவனில் நான்காவது பட்டம். ஆகஸ்ட் 27 அன்று வெளியான ஒற்றையர் தரவரிசையில் அவருக்கு 27-ஆம் இடம். கணினித் தரவரிசையில் அந்த இடத்துக்கு அவருக்கு முன் எந்த இந்தியப் பெண்ணும் போனதில்லை, பின்பும் போகவில்லை. 1998 ஆஸ்திரேலிய ஓபனில் ஒரு சுற்று வென்று வரலாறு படைத்த கோவையின் நிருபமா வைத்தியநாதனின் உச்சம் 134. சானியாவைத் தவிர வேறொரு இந்தியப் பெண் முதல் நூறுக்குள் நுழைந்ததே இல்லை. உடம்பு தாங்காதவர் என்று நாம் சொல்லும் ஒருவர் செய்த வேலை இது.

இனி அதே கோடையை உடம்பின் பக்கம் நின்று பாருங்கள். ஒற்றையரில் இறுதிச்சுற்று, இரட்டையரில் பட்டம் என்றால் ஒரே வாரத்தில் எட்டு ஒன்பது ஆட்டங்கள். கடினத்தரையில் கால் வழுக்கிக்கொடுக்காது. ஓடிவந்து நிற்கும் ஒவ்வொரு முறையும் அந்த அதிர்ச்சி முழுவதையும் கணுக்காலும் முழங்காலும் வாங்கிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம் முடிந்த கையோடு விமானம் ஏறி, செவ்வாயோ புதனோ வேறொரு ஊரில், வேறொரு கம்பெனியின் பந்தோடு முதல் சுற்று. சானியாவின் ஃபோர்ஹேண்ட் எப்படிப்பட்டது என்பது பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். ஆறடி உயரமும் அகன்ற தோளும் உள்ளவர்கள் உடம்பு முழுவதையும் போட்டு எடுக்கும் வேகத்தை, உயரம் குறைந்த அவர் கடைசி நொடியில் மணிக்கட்டைச் சுழற்றி எடுத்துவிடுவார். பெரிய ஆட்டக்காரர்களை மிரள வைத்தது அந்த அடிதான். 2005-இல் துபாயில், நடப்பு அமெரிக்க ஓபன் சாம்பியனான ஸ்வெட்லானா குஸ்னெட்சோவாவை 6-4, 6-2 என்று வீழ்த்திய ஆட்டத்தில் பாதிப் புள்ளிகள் அந்த மணிக்கட்டிலிருந்து வந்ததாகவே எனக்குத் தோன்றியது.

பட்டங்களை ஒரு பத்தியிலும் காயங்களை இன்னொரு பத்தியிலும் எழுதி, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து மார்க் போடும் நம் வழக்கம் இங்கேதான் உடைகிறது. 2007-இன் பட்டங்களைச் சம்பாதித்த மணிக்கட்டுதான் 2008-இல் வலித்தது. அவ்வளவு ஆடாமல் இருந்திருந்தால் அந்த வலி வந்திருக்காது. 27-ஆம் இடமும் வந்திருக்காது. காயத்தைக் காட்டி ஆட்டக்காரியின் தரத்தைக் குறைக்கிறவர்கள், அவர் ஆடிய ஆட்டத்தின் அளவையே அவருக்கு எதிரான சாட்சியாக ஆக்குகிறார்கள்.

2008 ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓபன் ஒற்றையரில் மூன்றாம் சுற்று, கலப்பு இரட்டையரில் மகேஷ் பூபதியுடன் இறுதிச்சுற்று என்று ஆண்டு நன்றாகத்தான் தொடங்கியது. பிறகு வலது மணிக்கட்டு. ஆகஸ்டில் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் முதல் சுற்றில் செக் நாட்டு இவெட்டா பெனசோவாவை எதிர்த்து ஆடிக்கொண்டிருந்தவர், இரண்டாவது செட்டில் வலி தாளாமல் விலகினார். வலியோடு எதற்காகப் போனார் என்று ஒரு கூட்டம் கேட்டது. போகாமல் இருந்திருந்தால் நாட்டுக்காக ஆட மனமில்லை என்று அதே கூட்டம் கேட்டிருக்கும். அவருக்கு அன்று வயது 21. தலை வாரிக்கொள்ளக்கூட முடியாத நாட்கள் இருந்ததையும், மாதக்கணக்கில் மன அழுத்தத்தில் கிடந்ததையும் அவர் பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார். அந்த ஆண்டு அமெரிக்க ஓபனில் அவர் ஆடவில்லை. மட்டையைக் கீழே வைத்துவிட்டு மணிக்கட்டு ஆறும்வரை காத்திருந்தார். 2009 ஜனவரியில் மெல்போர்னுக்கு மறுபடியும் போய், அதே பூபதியுடன் அதே கலப்பு இரட்டையர் இறுதியில் நின்று, இந்த முறை வென்றார். கிராண்ட்ஸ்லாம் பட்டம் வென்ற முதல் இந்தியப் பெண் என்ற பெயர் பெய்ஜிங்கில் அவர் விலகிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் வந்தது. "உடம்பு தாங்கல" என்பவர்கள் இந்த மாதங்களைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். ஒற்றையர் கிராண்ட்ஸ்லாமில் அவர் நான்காம் சுற்றைத் தாண்டியதில்லை. அதுவும் 2005 அமெரிக்க ஓபனில் ஒரே ஒரு முறைதான். 18 வயதில் அவ்வளவு காட்டியவர் முதல் பத்துக்குள் வந்திருக்க வேண்டாமா? கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொண்டு ஒற்றையரிலேயே நின்றிருந்தால்? இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் டென்னிஸ் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள் என்பதால் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

பல்லைக் கடிப்பதால் தசைநாண் ஆறுவதில்லை. தசைக்குப் போகும் அளவு ரத்த ஓட்டம் தசைநாண்களுக்குக் கிடையாது. அதனால் அவை ஆறுவது மெதுவாகத்தான் நடக்கும். அவசரப்பட்டவர்கள் இரண்டாவது முறையும் மூன்றாவது முறையும் அறுவை மேசையில் படுத்திருக்கிறார்கள். அர்ஜென்டினாவின் ஹுவான் மார்ட்டின் டெல் போட்ரோவைப் பாருங்கள். ஆறரை அடி உயரம், உலகமே அஞ்சிய ஃபோர்ஹேண்ட், 2009 அமெரிக்க ஓபன் பட்டம். அடுத்த ஆண்டே வலது மணிக்கட்டில் அறுவைச் சிகிச்சை. பிறகு இடது மணிக்கட்டில் மட்டும் மூன்று முறை. அவருடைய உடம்பு பலவீனமானது என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறோமா? கனடாவின் பியான்கா ஆண்ட்ரெஸ்கு 2019-இல் இண்டியன் வெல்ஸ் பட்டம் வென்ற கையோடு தோளில் காயம்பட்டார். அந்த வசந்தமும் கோடையின் பெரும்பகுதியும் ஏறக்குறைய முழுவதுமாக ஆடாமல் இருந்தார். பிரெஞ்சு ஓபனில் ஒரே ஒரு ஆட்டம், அதன்பின் விலகல், விம்பிள்டனுக்குப் போகவே இல்லை. ஆகஸ்டில் டொராண்டோவில் திரும்பி வந்து பட்டம் வென்றார். செப்டம்பரில் செரீனா வில்லியம்ஸைத் தோற்கடித்து அமெரிக்க ஓபனையும் வென்றார். அந்த ஆண்டின் வெற்றியில் அவர் ஆடாத மாதங்களுக்கும் பங்கு உண்டு. அக்டோபரில் முழங்கால் போனது. 2020 முழுவதும் ஆடவில்லை. மகளிர் டென்னிஸில் பெரிய பட்டம் வென்றவர்களின் ஆண்டுகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன.

எங்கள் மலையில் காப்பி அறுவடை முடிந்ததும் கவாத்து நடக்கும். கவாத்து முடிந்த தோட்டத்தைப் புதிதாகப் பார்க்கிறவருக்கு மொட்டையடித்த மாதிரி இருக்கும். தோட்டம் நொடித்துவிட்டது என்று எந்த மேஸ்திரியும் சொல்வதில்லை. அதுவும் வேலைநாள்தான், அதற்கும் கூலி உண்டு. ஆட்டக்காரி சிகிச்சையில் இருக்கும் மாதங்களை இப்படிப் பார்க்க நமக்கு ஏன் மனம் வரவில்லை?

இனி, "இரட்டையருக்கு ஒதுங்கினார்" என்ற பேச்சுக்கு வருகிறேன். என்னை அதிகம் கோபப்படுத்துவது இதுதான். லியாண்டர் பயஸின் ஒற்றையர் உச்சம் 73. மகேஷ் பூபதி முதல் இருநூறுக்குள்ளேயே வந்ததில்லை. இருவரும் இரட்டையரிலும் கலப்பு இரட்டையரிலும் சேர்த்து வென்ற கிராண்ட்ஸ்லாம் பட்டங்கள் முறையே 18, 12. அவர்களை நாம் மேதைகள் என்கிறோம், சரியாகத்தான் சொல்கிறோம். ரோகன் போபண்ணா தன் முழங்கால்களில் குருத்தெலும்பே மிச்சமில்லை என்று சொன்னவர். ஐயங்கார் யோகா செய்து உடம்பைத் தேற்றி, 2024 ஜனவரியில் 43 வயதில் மேத்யூ எப்டனுடன் ஆஸ்திரேலிய ஓபன் இரட்டையர் பட்டம் வென்று உலகின் முதலிடத்துக்கு வந்தார். நாடே எழுந்து நின்று கைதட்டியது. போபண்ணா ஒற்றையரில் முடியாமல் ஒதுங்கியவர் என்று ஒருவர்கூட எழுதவில்லை. முழங்கால் தேய்ந்த ஆண் இரட்டையரில் சாதித்தால் விடாமுயற்சி. மணிக்கட்டும் முழங்காலும் தேய்ந்த பெண், ஒற்றையரில் அவர்கள் மூவரையும்விட மிக உயர்ந்த இடத்தைத் தொட்ட பிறகு அதையே செய்தால் தப்பித்தல். இந்த அளவுகோலை வைத்திருப்பவர்கள் அதை எங்கே வாங்கினார்கள் என்று சொல்லட்டும்.

இரட்டையரில் பரிசுப் பணம் குறைவு என்பது உண்மை. ஒற்றையரில் முன்னணியில் இருப்பவர்கள் பலர் இரட்டையர் ஆடுவதில்லை என்பதும் உண்மை. இதிலிருந்து இரட்டையர் எளிது என்ற முடிவுக்குத் தாவுகிறவர்கள் அந்த ஆட்டத்தை உட்கார்ந்து பார்த்ததில்லை என்றே நினைக்கிறேன். ஆடுகளம் 27 அடி அகலத்திலிருந்து 36 அடியாகிறது; ஆனால் எதிரே இருவர் நிற்பதால் பந்து விழக்கூடிய இடம் சுருங்கிப்போகிறது. வலைக்கு அருகே நிற்பவருக்கு யோசிக்க நேரமே கிடையாது, கை தானாகப் போக வேண்டும். ஓடும் தூரம் குறைகிறது, அது சரி. முழங்கால் கேட்பதும் அதைத்தான். ஓட்டத்தைக் குறைத்து, கண்ணையும் கையையும் கூட்டி, தன்னிடம் இருந்த மிகப் பெரிய ஆயுதமான ஃபோர்ஹேண்டை வலப்பக்கத்திலிருந்து அடிக்கக் கூடிய ஆட்டத்தை சானியா தேர்ந்தெடுத்தார். தன் உடம்பை அறிந்த ஒருவர் எடுத்த முடிவு அது. 2011-இல் எலெனா வெஸ்னினாவுடன் இண்டியன் வெல்ஸ் பட்டமும் பிரெஞ்சு ஓபன் இறுதிச்சுற்றும் கண்டபோதே அந்த முடிவு எந்தத் திசையில் போகிறது என்று தெரிந்துவிட்டது.

2015-ஐ விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அந்த ஆண்டை நாம் சரியாகக் கொண்டாடவே இல்லை. மார்ச்சில் அவர் ஜோடி சேர்ந்தது மார்ட்டினா ஹிங்கிஸுடன். 16 வயதில் ஒற்றையரில் உலகின் முதலிடத்தைப் பிடித்த ஹிங்கிஸ், கணுக்கால் காயங்களால் 22 வயதிலேயே ஓய்வு அறிவித்தவர். பிறகு திரும்பி வந்தார், மறுபடி போனார், இரட்டையருக்காக மீண்டும் வந்தார். ஆக, இருவருமே காயத்தால் ஒற்றையரை விட்டவர்கள். ஹிங்கிஸ் வலைக்கு முன் நின்று எதிராளியின் பந்து எங்கே வரும் என்பதை முன்கூட்டியே படித்துவிடுவார். சானியா பின்கோட்டிலிருந்து ஃபோர்ஹேண்டால் எதிராளியை அப்படி ஒரு பந்தைக் கொடுக்க வைப்பார். இண்டியன் வெல்ஸ், மயாமி, சார்ல்ஸ்டன் என்று சேர்ந்து ஆடிய முதல் மூன்று போட்டிகளிலும் பட்டம். ஏப்ரல் 13 அன்று சானியா இரட்டையரில் உலகின் முதலிடம். ஜூலையில் விம்பிள்டன் இறுதியில் மகரோவா, வெஸ்னினா ஜோடியிடம் முதல் செட்டை இழந்து, மூன்றாவது செட்டில் 2-5 என்று பின்தங்கி, அங்கிருந்து 7-5 என்று முடித்தார்கள். செப்டம்பரில் அமெரிக்க ஓபன். ஆண்டிறுதியில் சிங்கப்பூரில் டபிள்யூ.டி.ஏ. ஃபைனல்ஸ். பெத்தனி மேட்டக் சாண்ட்ஸுடன் ஜனவரியில் சிட்னியில் வென்றதையும் சேர்த்து அந்த ஒரே ஆண்டில் சானியாவுக்குப் பத்துப் பட்டங்கள். 2016 ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓபனும் வந்தது. தொடர் வெற்றி 41 ஆட்டங்கள் வரை நீண்டது. மொத்தம் 91 வாரங்கள் அவர் முதலிடத்தில் இருந்தார். தப்பித்து ஓடியவர்கள் போய்ச்சேரும் இடமா அது?

அடுத்தது "பொம்பளப் பிள்ளை உடம்பு" என்ற பேச்சு. முழங்கால் தசைநார் அறுவது போன்ற சில காயங்கள், திடீரென்று நின்று திரும்ப வேண்டியிருக்கும் விளையாட்டுகளில் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வருகின்றன என்பது ஆய்வுகளில் உறுதியானதுதான். அதை மறைக்க வேண்டியதில்லை. முறையான வார்ம்-அப், தொடைத்தசைப் பயிற்சி, குதித்து இறங்கக் கற்றுக்கொடுத்தல் ஆகியவை அந்தக் காயங்களைக் கணிசமாகக் குறைக்கின்றன என்பதும் அதே ஆய்வுகள் சொன்னதுதான். முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டிப் பிள்ளையை வீட்டில் உட்கார வைப்பது அறிவியல் ஆகாது.

நம் சேலம் மாவட்டத்து உதாரணமே இருக்கிறது. சின்னப்பம்பட்டி தங்கராசு நடராஜன் 2020 இறுதியில் வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராக ஆஸ்திரேலியா போய், ஒரே சுற்றுப்பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் என்று மூன்றிலும் அறிமுகமானார். ஊர் திரும்பியபோது குதிரை பூட்டிய ரதத்தில் ஏற்றி ஊர்வலம் விட்டார்கள். மூன்றே மாதத்தில், ஏப்ரல் 2021-இல் முழங்கால் அறுவைச் சிகிச்சை, அந்த ஐ.பி.எல்.-இலிருந்து விலகினார். "பாவம், நம்ம பையன் அதிகமாப் போட்டுட்டான், ரெஸ்ட் எடுக்கட்டும்" என்றுதான் மாவட்டம் முழுக்கப் பேசியது. முதுகுக் காயத்தால் 2022 டி20 உலகக் கோப்பையை இழந்த பும்ரா, 2023-இல் நியூசிலாந்தில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, 2024 உலகக் கோப்பையில் தொடர்நாயகன் ஆனார். அவரைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று நாம் எல்லோருமே சொன்னோம். நடராஜனுக்கும் பும்ராவுக்கும் காட்டிய அந்தப் பரிவு நியாயமானது. சானியாவிடம் வரும்போது அது எங்கே போய்விடுகிறது என்பதுதான் என் கேள்வி.

இது ஏதோ ஐதராபாத்துக்காரி ஒருவரின் புகழ் சம்பந்தப்பட்ட வழக்கு என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் மலைக் கிராமங்களில் குறுவட்டப் போட்டிக்கு ஓடும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். மேடு ஏறி இறங்கியே பள்ளிக்குப் போய் வருகிறவர்கள். கெண்டைக்கால் இரும்பு மாதிரி இருக்கும். ஒரு நாள் கணுக்கால் பிசகும். எண்ணெய் தேய்த்துச் சுளுக்கு எடுப்பார்கள். வீக்கம் வடிந்ததும் பையனாக இருந்தால் மறுபடி மைதானத்துக்குப் போய்விடுவான். பெண் பிள்ளையிடம் அம்மா சொல்வாள்: "போதும் கண்ணு, இனி ஓட வேணாம். நாளைக்குக் கால் கோணிப்போச்சுன்னா யாரு பாப்பா?" அம்மாவின் பயம் பொய்யில்லை. நல்ல பிசியோதெரபிஸ்ட் ஒருவரைப் பார்க்க வேண்டுமானால் கொண்டை ஊசி வளைவுகள் அத்தனையும் இறங்கிச் சேலம் போக வேண்டும். போக வர ஒரு நாள் கூலி போய்விடும். ஆனால் அந்த பயத்துக்குத் துணையாக நிற்பது, "சானியாவுக்கே உடம்பு தாங்கல" என்ற வாக்கியம். இதை நான் காதால் கேட்டிருக்கிறேன். ஆறு கிராண்ட்ஸ்லாம் வென்ற ஒருவரை, ஒரு பெண் பிள்ளை ஓடாமல் இருப்பதற்குச் சான்றாக நிறுத்துகிறோம்.

பணத்தையும் பேசியாக வேண்டும். ஒப்பந்தத்தில் இருக்கும் கிரிக்கெட் வீரருக்குக் காயம்பட்டால் வாரியத்தின் மருத்துவர், வாரியத்தின் பயிற்சி மையம், வாரியத்தின் சம்பளம். டென்னிஸ் ஆட்டக்காரிக்கு இதில் எதுவும் கிடையாது. பயிற்சியாளர், பிசியோ, விமானச் சீட்டு எல்லாம் தன் கைக்காசு. ஆடாத வாரத்தில் வருமானம் பூஜ்யம். தரவரிசைப் புள்ளிகள் 52 வாரத்தில் காலாவதியாகும். நீண்ட காலம் ஆடாமல் இருந்தவர்கள் பழைய தரவரிசையைக் காட்டிச் சில போட்டிகளில் நுழைய வழி இருக்கிறது. அது கதவைத் திறக்கும், சாப்பாடு போடாது. குழந்தை பெற்று வருகிறவர்களுக்கு அந்தச் சலுகையை மூன்று ஆண்டுகளுக்கு நீட்டியதே 2018 இறுதியில்தான், அதுவும் செரீனா வில்லியம்ஸ் தாயாகித் திரும்பிப் பெரிய சர்ச்சை எழுந்த பிறகு. ஊதியத்தோடு மகப்பேறு விடுப்பு 2025-இல்தான் வந்தது. இந்திய ஆட்டக்காரி கர்மன் கவுர் தண்டி 2022-இல் சென்னை ஓபனில் தன்னைவிடத் தரவரிசையில் மிக மேலே இருந்த பிரான்சின் குளோயி பக்கேவை வென்று நுங்கம்பாக்கத்தை எழுந்து நிற்க வைத்தார்; அதே ஆண்டு கனடாவின் சாகனேயில் பட்டமும் வென்றார். அந்தப் போட்டியின் பரிசு, எல்லா ஆட்டக்காரிகளுக்கும் எல்லாச் சுற்றுக்கும் சேர்த்தே 60,000 டாலர். அதில் சாம்பியனுக்குக் கிடைக்கும் பங்கிலிருந்து ஒரு பிசியோவை ஆண்டு முழுவதும் கூடவே வைத்துக்கொள்ள முடியுமா? காயம் ஏன் நீள்கிறது என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கேட்கட்டும்.

கோவையின் மாயா ராஜேஷ்வரன் ரேவதி 2025 பிப்ரவரியில் மும்பை டபிள்யூ.டி.ஏ. 125 போட்டியில் அரையிறுதி வரை போனபோது அவருக்கு வயது 15. உடனே "அடுத்த சானியா" என்று எழுதிவிட்டோம். 18 வயது ஆகும்வரை ஓர் ஆட்டக்காரி ஓராண்டில் எத்தனை தொழில்முறைப் போட்டி ஆடலாம் என்பதற்கு உலக மகளிர் டென்னிஸில் வரம்பு இருக்கிறது. 13 வயதில் தொழில்முறைக்கு வந்து, சில ஆண்டுகளிலேயே நொறுங்கிப்போன ஜெனிஃபர் கேப்ரியாட்டியைப் பார்த்த பிறகு 1990-களில் இறுக்கிய விதி அது. "நம்ம பொண்ணு ஏன் இந்த வாரம் ஆடல?" என்று கேட்கும் முன் அந்த விதி ஏன் வந்தது என்று யோசித்துப் பார்க்கலாம். வருகிற ஆண்டுகளில் அவருக்கும் எங்காவது வலிக்கும். இத்தனை ஆடுகிற யாருக்கும் வலிக்கும். அன்றைக்கு நாம் என்ன பேசப்போகிறோம் என்பது இன்று சானியாவைப் பற்றி என்ன பேசுகிறோம் என்பதில் இருக்கிறது.

தாயான பிறகான கதையையும் பாதியாகத்தான் சொல்கிறார்கள். 2017 அக்டோபரில் முழங்காலோடு களத்தை விட்டவர், 2018-இல் மகனைப் பெற்று, 2020 ஜனவரியில் ஹோபார்ட்டில் நாடியா கிச்சனோக்குடன் ஆடிய முதல் போட்டியிலேயே பட்டம் வென்றார். அடுத்த வாரமே மெல்போர்னில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு முதல் சுற்றில் விலகினார். விலகியதை எல்லோரும் சொல்வார்கள். 2021 செப்டம்பரில் செக் நாட்டு ஆஸ்ட்ராவாவில் சாங் ஷுவாயுடன் தன் 43-ஆவது இரட்டையர் பட்டத்தை வென்றதை எத்தனை பேர் சொல்கிறார்கள்?

2022-தான் கடைசி ஆண்டு என்று அந்த ஜனவரியிலேயே அறிவித்தார்: முழங்கால் வலிக்கிறது, உடம்பு தேற முன்பைவிட நாளாகிறது, மூன்று வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராக அலைய வேண்டியிருக்கிறது என்று காரணங்களை ஒளிக்காமல் சொன்னார். ஆகஸ்டில் கனடாவில் முழங்கையில் காயம். அமெரிக்க ஓபனில் கையசைத்து விடைபெறுவார் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். பல்லைக் கடித்துக்கொண்டு போய், கூட்டத்தின் கைதட்டலுக்காக இரண்டு செட் ஆடி, பாதியில் விலகி அழுதிருந்தால் நாம் உருகியிருப்போம். அவர் போகவில்லை. காயம் தன்னை வெளியே தள்ளக் கூடாது, போகும் நாளைத் தானே முடிவு செய்ய வேண்டும் என்று ஓய்வையே தள்ளிவைத்தார். ஐந்து மாதம் கழித்து, 36 வயதில், ஆஸ்திரேலிய ஓபன் கலப்பு இரட்டையர் இறுதிச்சுற்றில் நின்றார். கூட ஆடியவர் போபண்ணா. சானியாவுக்கு 14 வயதில் கலப்பு இரட்டையரில் முதல் ஜோடியாக இருந்தவர். பிரேசிலின் ஸ்டெஃபானி, மாட்டோஸ் ஜோடியிடம் தோற்றார்கள். அதற்கு அடுத்த மாதம் துபாயில், தான் குறித்த தேதியில், சானியா ஆட்டத்தை முடித்துக்கொண்டார்.